‘எடுக்கவில்லை’ – யார்? எப்போது?

ரவீந்திர சரோவர் என இன்று வழங்கும் டாக்குரியா ஏரியை ஒட்டிய தென் கொல்கத்தாப் பகுதிகளில் தமிழரும் வங்காளியரும் அயலாராக வாழ்கின்றனர். வங்கிக்கு இருவரும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே எழுதுகின்றனர். அம்மடல்களில் தாய்மொழியின் சாயல் படிவதை நாங்கள் காண்கிறோம். ஆகவே இரு பாடங்களை இங்கு நினைவுகூர்வோம்.

பிரதிப்பெயர்: வங்காளத்தில் அவனுக்கும் அவளுக்கும் ‘ஷே’ ஒன்றே. தமிழில் மரியாதைக்குரிய ‘அவர்’ என்பதும் பால் காட்டாது. ஆங்கிலத்திலோ ஆணுக்கு ‘ஹீ’, பெண்ணுக்கு ‘ஷீ’ எனத் தெரிந்தெடுத்தல் வேண்டும்.

வினை: ‘எடுத்தேன்’ என்றால் எடுத்தவர் யார் என்பதை விகுதியே சொல்லிவிடும். ‘எடுக்கவில்லை’ என்னும் எதிர்மறையோ இடம், பால், எண் எதையும் காட்டாது, காலமும் தெளிவாகாது. ‘ஐ டு நாட் வித்ட்ரா’ என்றால் எடுக்கும் வழக்கமில்லை என்றாகும். நடந்ததை மறுக்க ‘ஐ டிட் நாட் வித்ட்ரா’ என்க. ‘டிட்’ இறந்தகாலத்தைச் சுமப்பதால் ‘வித்ட்ரூ’ ஆகாது.

இது வெறும் இலக்கண நுணுக்கமன்று. வங்கியின் மீதும் வாடிக்கையாளர் மீதும் தவறில்லாத மின்னணு மோசடியை, வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலைநாட்களுக்குள் அறிவித்தால் வாடிக்கையாளருக்கு இழப்பில்லை என ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை 6 சுற்றறிக்கை வகுத்தது. தெளிவற்ற மடலுக்கு விளக்கம் கேட்பதிலேயே நாட்கள் கழியும். இலக்கணத்தில் ஐயமெனில், தாமதியாது முதலில் தொலைபேசியில் அறிவியுங்கள். மடல் பின்னர் வரட்டும்.

பயிற்சி: ‘அம்மா பணம் எடுக்கவில்லை’ – ஆங்கிலத்தில் எழுதுக.

விடை: ‘மை மதர் டிட் நாட் வித்ட்ரா தி மணி.’ அடுத்த வாக்கியத்தில் அவரை ‘ஷீ’ என்க.