ஒளியிழை வெறும் குழாய் அல்ல

நம்பிக்கை: ராமன் புரோபில், அதாவது லேசரால் உடல் திசுவை ஆராயும் மெல்லிய கருவியில், லேசரை உள்ளே அனுப்பி, சிதறிய ஒளியைத் திருப்பிக் கொண்டுவருவதோடு ஒளியிழையின் வேலை முடிந்தது.

உண்மை: 1928 பிப்ரவரி 28 அன்று கொல்கத்தாவில் சி.வி. ராமனும் கே.எஸ். கிருஷ்ணனும் கண்ட ராமன் ஒளி (பொருளில் பட்டு நிறம் மாறிச் சிதறும் ஒளி) மிகமிக மங்கலானது. ஒரு கோடி ஒளித்துகள் பட்டால் ஏறத்தாழ ஒன்றுதான் நிறம் மாறித் திரும்பும். இழையின் சிலிக்காக் கண்ணாடியும் ஒரு பொருள்தானே? லேசர் போகிற வழியெல்லாம் அதுவும் தன் பங்குக்கு ராமன் ஒளியை உண்டாக்குகிறது. சில மீட்டர் இழையில் சேர்கிற அந்த ஒளி, திசுவிலிருந்து வரும் சன்னமான ஒளியை அமுக்கிவிடும்.

அதனால்தான் புரோபின் நுனியில் வடிகட்டிகள் வைக்கிறார்கள். பரவலான வடிவமைப்பில் நடுவே லேசர் இழை, சுற்றிலும் ஒளி சேகரிக்கும் இழைகள். நடு இழையின் வடிகட்டி லேசரின் நிறத்தை மட்டும் வெளியே விடும். வழியில் கண்ணாடி கலந்த நிறங்கள் அங்கேயே நின்றுவிடும். சுற்றியுள்ள வடிகட்டியின் வேலை நேரெதிர்: திரும்பி வரும் லேசரைத் தடுத்து, நிறம் மாறிய ஒளியை உள்ளே விடுவது. சில மில்லிமீட்டர் தடிமனுக்குள் இத்தனையும் அடங்க வேண்டும். என்னைக் கேட்டால், புரோபின் உண்மையான சாதனை அந்த நுனிதான்.

நம்பிக்கை: இந்தப் புரோப் உடலை ஊடுருவிப் புற்றுநோயைக் காட்டும், இனி அறுவை வேண்டாம்.

உண்மை: இந்தப் பேச்சை நம்பி யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது. கனடாவின் மொன்றியல் நகர ஆய்வுக் குழு ஒன்று 2015இல் வெளியிட்ட ஆய்வில், மூளைக்கட்டி அறுவையின் நடுவே 17 நோயாளிகளின் மூளைத் திசுவைப் புரோபால் தொட்டு அளந்தார்கள். ஓர் அளவீட்டுக்கு 0.2 வினாடி. புற்றுத் திசுவில் 93 விழுக்காட்டையும் நல்ல திசுவில் 91 விழுக்காட்டையும் சரியாக இனங்கண்டது. ஆனால் அது பார்த்த ஆழம் சுமார் 1 மில்லிமீட்டர். கட்டி எங்கே முடிகிறது என்று தேடும் அறுவை மருத்துவருக்கு இது பெரும் துணை, ஸ்கேனுக்கோ அறுவைக்கோ மாற்றல்ல.

நம்பிக்கை: பொருளைத் தொட்டால்தான் ராமன் ஒளியை அளக்க முடியும்.

உண்மை: செவ்வாய்க் கோளில் நாசாவின் பெர்சிவரன்ஸ் ஊர்தியிலுள்ள சூப்பர்கேம் கருவி, சில மீட்டர் தள்ளியிருக்கும் பாறைமீது பச்சை லேசரை நேராகப் பாய்ச்சுகிறது. சிதறிய ஒளியைத் தொலைநோக்கி வாங்கி, இழை வழியே ஊர்தியின் உடலுக்குள் இருக்கும் நிறமாலைமானிக்கு அனுப்புகிறது.

இழையின் சொந்த ராமன் ஒளி எங்கும் தொல்லைதான் என்பதும் தவறு. அந்த ஒளியில் ஒரு பகுதி வெப்பம் கூடக்கூட வலுக்கும். சுரங்கப்பாதைகளிலும் மின்கேபிள்களிலும் பல கிலோமீட்டர் நீளத்துக்கு இழையைப் பதித்து, எந்த இடம் சூடாகிறது என்பதை அதை வைத்தே கண்டறிகிறார்கள்.