கொறங்காட்டுப் புல்லும் தொட்டித் தீவனமும்

மேய்ச்சல் மாட்டிற்குத் தொட்டியில் தீவனம் வைத்தால், அது புல்லைக் குறைவாகத் தின்னும், காடும் செழிக்கும் என்று நம் அங்கத்தினர் பலர் எண்ணுகின்றனர். இது பாதி உண்மையே. எத்தீவனம், எப்பருவம் என்பவற்றைப் பொறுத்தே பலன் அமையும்.

காங்கயம் பகுதியின் கொறங்காடுகளை எடுத்துக்கொள்வோம். முள்கிளுவை வேலிக்குள், வெள்வேல மரங்களுக்கிடையே கொழுக்கட்டைப் புல் வளரும் மானாவாரி நிலங்கள் இவை. கோடையில் காய்ந்த புல்லின் புரதம் நூற்றுக்கு 7 பங்கிற்கும் கீழே இறங்கினால், மாட்டின் முதல் இரைப்பையில் நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் பட்டினி கிடக்கின்றன. தின்ற புல் நெடுநேரம் வயிற்றிலேயே தங்குவதால் மாடு மேய்ச்சலைக் குறைத்துக்கொள்கிறது. அப்போது சிறிது கடலைப் பிண்ணாக்கோ பருத்திக்கொட்டையோ வைத்தால், செரிமானம் விரைந்து, மாடு காய்ந்த புல்லை முன்னிலும் அதிகமாகவே தின்னும். மாட்டிற்கு நன்மைதான், ஆனால் புல் மிச்சமாகாது. சோளம், கம்பு முதலிய தானியத்தை நிறைய வைத்தால் புல் மிஞ்சும். எனினும் நாரின் செரிமானம் குன்றும், செலவும் தாங்காது.

இதனினும் பெரிய அபாயம் ஒன்றுண்டு. தொட்டித் தீவனம் இருக்கும் தைரியத்தில், 4 மாடு தாங்கும் காட்டில் 6 மாடுகளை ஓட்டுகிறோம். புல் குறைந்தால் மாடு மெலிந்து நம்மை எச்சரிக்க வேண்டும். அவ்வெச்சரிக்கையைப் பிண்ணாக்கு மறைத்துவிடுகிறது. மாடு கொழுகொழுவென்று நிற்க, புல்லோ அடிக்கட்டைவரை கடிபட்டு, வேர் சுருங்கி, அடுத்த மழைக்குத் துளிர்க்க வலுவற்றுப் போகிறது.

மழை பெய்து பசுமை கண்டவுடன் படலைத் திறந்துவிடுவதே நாம் செய்யும் பெருந்தவறு. துளிர் அடித்தண்டிலும் வேரிலும் எஞ்சிய சத்தைச் செலவிட்டே எழுகிறது. அதனை அப்போதே மேயவிட்டால் தூர் நலியும். சோளத்தட்டும் வைக்கோலும் இத்தருணத்திற்கென்றே சேமிக்கத்தக்கவை. புல் ஒரு சாண் எழும்வரையாவது மாட்டைக் கட்டுத்தரையில் நிறுத்தித் தட்டுப் போடுக. பிண்ணாக்கிற்கென ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியைக் குறைத்தேனும் இதனைச் செய்யலாம் என்பது என் கருத்து.

எருவின் கணக்கையும் மறத்தலாகாது. 100 கிலோ கடலைப் பிண்ணாக்கில் 6 கிலோவுக்கு மேல் தழைச்சத்து உண்டு. அதிற் பெரும்பகுதி சாணத்திலும் மூத்திரத்திலும் வெளிவந்துவிடுகிறது. தொட்டி ஓரிடத்திலேயே கிடந்தால் சத்தும் அங்கேயே குவியும். சுற்றிலும் மண் மிதிபட்டு இறுகும். ஆகவே தொட்டியை அடிக்கடி இடம் மாற்றுக. சீமைக் கருவேலங்காயைத் தீவனமாக வைப்போர், விதையும் நொறுங்க அரைத்தே வைத்தல் வேண்டும். முழுக்காயின் விதை செரியாது சாணத்தோடு விழுந்து, புல்லிருந்த இடத்தில் முள்ளாக முளைக்கும்.