உன் கடையில் எல்லாராலும் வாங்க முடிகிறதா?

தங்கச்சி, புடவை வியாபாரம் சூடு பிடித்துவிட்டது. இன்ஸ்டாகிராம் பக்கம் இருக்கிறது, வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது, இப்போது சொந்தமாக வெப்சைட்டும் வந்தாயிற்று. விளம்பரத்துக்குக் காசைக் கொட்டுவதற்கு முன்னால் அக்கா சொல்வதைக் கொஞ்சம் கேள். கண் பார்வை இல்லாதவர், காது கேளாதவர், கை நடுங்குகிறவர், வீல்சேரில் வருகிறவர் எல்லாரும் உன் பக்கத்துக்கு வருகிறார்கள். பாதியிலேயே திரும்பியும் போகிறார்கள். அவர்கள் வந்ததும் உனக்குத் தெரியாது, போனதும் தெரியாது. யார் துணையும் இல்லாமல், பணம் கட்டுவது வரைக்கும் அவரே முடித்துக்கொள்ள முடிகிறதா என்பதுதான் கேள்வி. பக்கத்து வீட்டுப் பையனைக் கூப்பிட்டு ‘இதைக் கொஞ்சம் அமுக்கிக் கொடுப்பா’ என்று கேட்க வேண்டியிருந்தால், கடையில் கோளாறு என்று அர்த்தம்.

சோதித்துப் பார்க்கக் காசு வேண்டாம், உன் போனே போதும். ஆண்ட்ராய்டு என்றால் செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் டாக்பேக் இருக்கும், ஐபோனில் வாய்ஸ்ஓவர். ஆன் செய்வதற்கு முன்னால் அதை அணைப்பது எப்படி என்று படித்துக்கொள், இல்லாவிட்டால் வீடே கூடிப் போனோடு மல்லுக்கட்டும். ஆன் செய்ததும், விரல் வைக்கிற இடத்தில் என்ன இருக்கிறது என்று போன் வாய்விட்டுச் சொல்லும். திறக்க இரண்டு முறை தட்ட வேண்டும், பக்கத்தை நகர்த்த ஆண்ட்ராய்டில் இரண்டு விரல் வேண்டும், ஐபோனில் மூன்று. இப்போது கண்ணை மூடிக்கொண்டு உன் கடையில் நீயே ஒரு புடவை வாங்கு. ‘பட்டன், பட்டன், பட்டன்’ என்று மட்டும் சொல்கிறதா? எது கூடை, எது விருப்பப் பட்டியல், எது அழிப்பது என்று எப்படித் தெரியும்? வெப்சைட் செய்துகொடுத்த தம்பியிடம் ‘ஒவ்வொரு பட்டனுக்கும் லேபிள் வேண்டும்’ என்று சொல். அவருக்குப் புரியும், யாரும் கேட்கவில்லை என்றுதான் செய்யாமல் விட்டிருப்பார்.

அடுத்தது படங்கள். உன் தொழிலில் இதுதான் உயிர்நாடி, அதனால் இங்கே கொஞ்சம் நிற்கிறேன். படத்தோடு நீ எதுவும் எழுதாவிட்டால், பல வெப்சைட்டுகளில் போன் அந்தக் கோப்பின் பெயரைத்தான் வாசிக்கும்: ‘ஐஎம்ஜி 4471’. இதை வைத்துக்கொண்டு யார் புடவை எடுப்பார்கள்? ஆல்ட் டெக்ஸ்ட் என்று ஒரு கட்டம் இருக்கும், படத்தில் இருப்பதை அதில் வார்த்தையில் சொல்ல வேண்டும். ‘அழகான பாரம்பரியப் புடவை’ என்று எழுதினால் பிரயோஜனமில்லை. இப்படி எழுது: ‘சின்னாளப்பட்டி சுங்குடி, காட்டன். உடல் அரக்கு நிறம், வெள்ளைப் புள்ளிகள் வட்டம் வட்டமாக. இரண்டு பக்கமும் நாலு விரல்கடை அகலத்தில் மாம்பழ மஞ்சள் பார்டர், ஓரத்தில் மெல்லிய ஜரிகை. முந்தியில் பட்டைக் கோடு. பிளவுஸ் துணி கிடையாது.’ அவ்வளவுதான்.

பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு நிறம் எதற்கு என்று கேட்டுவிடாதே. மயில்கழுத்துக்கு எது எடுப்பு, கிளிப்பச்சையை எந்த விசேஷத்துக்குக் கட்டலாம் என்று கேட்டுக் கேட்டே உன்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருப்பார். கல்யாணத்துக்கு வருகிற நாலு பேர் அவரையும் பார்க்கத்தானே போகிறார்கள். கூடவே தொட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதையும் எழுது: கஞ்சி போட்ட மொடமொடப்பா, உடம்போடு ஒட்டுமா, கனமா, ஒரு சலவைக்குப் பிறகு எப்படி இருக்கும்? நன்றாகப் பார்வை உள்ளவர்களும் ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ் போட்டு இதையேதான் கேட்கிறார்கள்!

இன்ஸ்டாகிராமில் படம் போடும்போது அட்வான்ஸ்டு செட்டிங்ஸுக்குள் போனால் ஆல்ட் டெக்ஸ்ட் எழுத இடம் உண்டு. வாட்ஸ்அப்பில் அப்படி இல்லை, படத்துக்குக் கீழே கேப்ஷனில் எழுதிவிடு. விலையைப் படத்துக்குள்ளேயே பூப்போட்ட எழுத்தில் போடுகிற பழக்கத்தை விடு. போட்டே ஆக வேண்டும் என்றால் கேப்ஷனிலும் தட்டச்சு செய். தீபாவளி ஆஃபர் போஸ்டருக்கும் இதே கதைதான்.

விலைப் பட்டியலை டிடிபி சென்டரில் கொடுத்து அடித்து வாங்குகிறாயா? எந்த ஃபான்ட் என்று கேள். பாமினி மாதிரி பழைய ஃபான்ட்டில் அடித்தால் நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், கம்ப்யூட்டருக்கு அது வெறும் ஆங்கில எழுத்துதான். ‘அம்மா’ என்று அடித்திருப்பதை, வாசித்துக் காட்டும் மென்பொருள் ‘எம், கே, செமிகோலன், கே, ஹெச்’ என்று படிக்கும். யூனிகோடில் அடித்துக் கொடுங்கள் என்று கண்டிப்பாகச் சொல். அச்சடித்த தாளை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி அனுப்பாதே, அதுவும் வெறும் படம்தான். கடைப் பெயரை வளைந்து நெளிந்த அலங்கார எழுத்தில் காப்பி செய்து போடுவது, வரிக்குப் பத்து கைகூப்பும் எமோஜி போடுவது, இரண்டும் வேண்டாம். கேட்கிறவர் பொறுமை போய்விடும்.

பார்வை மங்கலானவர்களை மறக்காதே. அம்மா வயதில் இருக்கிற எல்லாரும் இதில் சேர்த்தி. சந்தன நிறப் பின்னணியில் தங்க நிற எழுத்து கல்யாணப் பத்திரிகையிலேயே படிக்க முடிவதில்லை, போன் திரையில் எப்படி முடியும்? எழுத்துக்கும் பின்னணிக்கும் நடுவில் குறைந்தது 4.5-க்கு 1 என்ற அளவில் வேறுபாடு வேண்டும் என்பது உலக அளவில் ஒப்புக்கொண்ட கணக்கு. பெரிய எழுத்துக்கு 3-க்கு 1. அளந்து சொல்ல இலவசக் கருவிகள் இணையத்தில் கிடைக்கின்றன. ‘சிவப்பில் இருப்பவை விற்றுவிட்டன’ என்று எழுதுவதும் உதவாது. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்கள், ஆண்களில் குறிப்பாக, நிறையப் பேர். ‘ஸ்டாக் இல்லை’ என்று எழுத்திலேயே போட்டுவிடு.

பணம் கட்டுகிற இடத்தில்தான் நிறையப் பேர் கழன்றுகொள்கிறார்கள். கியூஆர் படத்தை மட்டும் அனுப்பாதே. பார்வை இல்லாதவர் கேமராவை எங்கே பிடிப்பார்? யூபிஐ ஐடியை எழுத்தில் அனுப்பு. முகவரிப் படிவத்தில் தப்பு வந்தால் சிவப்புக் கோடு மட்டும் காட்டினால் போதாது, ‘பின்கோடில் ஓர் எண் குறைகிறது’ என்று சொல்ல வேண்டும். ஓடிபி தட்டுவதற்குள் நேரம் முடிந்து, எல்லாவற்றையும் முதலிலிருந்து நிரப்பச் சொல்வது பெரிய கொடுமை. கோணல்மாணல் எழுத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேப்ட்சா உன் அளவு கடைக்குத் தேவையே இல்லை. பட்டன்கள் சுமார் 9 மில்லிமீட்டராவது இருக்கட்டும். கை நடுங்குகிறவர் ‘வாங்கு’ என்று தட்டப் போய் ‘நீக்கு’ என்று தட்டிவிடக் கூடாது.

‘மாதம் இவ்வளவு கட்டுங்கள், ஓரத்தில் ஒரு சின்னப் பட்டன் வைத்துத் தருகிறோம், உங்கள் சைட் எல்லாருக்கும் ஏற்றதாகிவிடும்’ என்று யாராவது வந்தால் சிரித்துக்கொண்டே அனுப்பிவிடு. எந்த சைட்டையும் எங்கள் ஏஐ தானாகவே சரிசெய்துவிடும் என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தை 10 லட்சம் டாலர் கட்டச் சொல்லி 2025-ல் அமெரிக்க அரசின் வர்த்தக ஆணையம் உத்தரவிட்டது. லேபிள் இல்லாத பட்டனுக்கு லேபிள் வைப்பதைத் தவிரக் குறுக்கு வழி கிடையாது.

காது கேளாத வாடிக்கையாளருக்கு உன் பக்கத்தில் பெரிய தடை எது தெரியுமா? ‘விவரங்களுக்குப் போன் செய்யவும்’. மெசேஜிலும் பதில் சொல்வோம் என்று சேர்த்து எழுது, சொன்னபடி பதிலும் போடு. ரீல்ஸில் நீ பேசுவதைத் திரையில் எழுத்தாகப் போடு. தானாக வருகிற தமிழ் எழுத்தை நம்பி விட்டுவிடாதே, ஒருமுறை திருத்து. விலையில் ஒரு சுழியம் போனால் போச்சு. லைவில் விற்கும்போது விலையை ஸ்லேட்டில் எழுதிக் காட்டினால் போதும். சைகை மொழியிலேயே வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாம் மொழி மாதிரி, அதனால் வாக்கியம் சின்னதாக இருக்கட்டும். பார்சலை அனுப்பிவிட்டால் முடிந்தது என்றும் இல்லை. கூரியர் பையன் வாசலில் நின்று போன் அடித்துவிட்டு, எடுக்கவில்லை என்று திருப்பி எடுத்துக்கொண்டு போய்விடுவான். ‘போன் வேண்டாம், மெசேஜ் அனுப்பவும்’ என்று பார்சல் மேலேயே எழுது.

இதெல்லாம் பெரிய கம்பெனிக்குத்தானே என்கிறாயா? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தனியார் சேவைகளையும் சேர்த்துத்தான் பேசுகிறது. 2025 ஏப்ரல் 30-ல் உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் வசதிகளைப் பயன்படுத்த முடிவது அரசியல் சட்டத்தின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையில் அடக்கம் என்று தீர்ப்புச் சொன்னது. வழக்கு எங்கே ஆரம்பித்தது என்று பார்: கேஒய்சி சரிபார்க்கும்போது கேமரா முன்னால் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறார்கள். ஆசிட் வீச்சில் கண் இமை சிதைந்தவர் எப்படிச் சிமிட்டுவார்? அதை வடிவமைத்தவருக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இருந்திருக்காது. தன்னை மாதிரியே எல்லாரும் இருப்பார்கள் என்று நினைத்துவிட்டார்.

வீட்டுக்கே வந்து புடவை பார்க்கிறவர்களும் உண்டே. வீல்சேர் ஏறச் சாய்தளம் போடுவதானால் 1-க்கு 12 கணக்கு: 15 சென்டிமீட்டர் உயரப் படிக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும். நம் தெருவில் சாக்கடையைத் தாண்டி அவ்வளவு இடம் எல்லாருக்கும் கிடைக்காது. செங்குத்தாகப் பலகையைச் சாய்த்து வைப்பது ஆபத்து, அதற்குப் படியே தேவலை. இடம் இல்லையென்றால் ‘வாசலில் இரண்டு படி உண்டு, சொன்னால் கீழே கொண்டுவந்து காட்டுகிறோம்’ என்று முன்கூட்டியே பக்கத்தில் எழுதிவிடு. ஆட்டோவுக்குக் காசு கொடுத்து வந்தபிறகு படியைப் பார்க்க வைக்காதே.

பார்வை இல்லாதவர் யாரோடாவது வந்தால், கூட வந்தவரிடம் ‘அவங்களுக்கு என்ன கலர் பிடிக்கும்?’ என்று கேட்கிறோமே, அந்தப் பழக்கத்தை இன்றோடு நிறுத்து. அவரைப் பார்த்தே கேள், துணியைக் கையில் கொடு. மீதிப் பணம் தரும்போது ஒவ்வொரு நோட்டாகச் சொல்லிக் கொடு. ரிசர்வ் வங்கி 2020-ல் வெளியிட்ட ‘மணி’ ஆப் நோட்டைப் பார்த்து எத்தனை ரூபாய் என்று சொல்லும், இணையம் இல்லாமலே. அவர் போனை எடுத்துச் சரிபார்த்தால் முகம் சுளிக்காதே. பாவம் பார்த்துத் தள்ளுபடியும் கொடுக்காதே, மற்றவர்களுக்கு என்ன விலையோ அதே விலை. பேரம் பேசினால் பேசிக்கொள்.

எல்லாம் செய்தபிறகு, டாக்பேக்கைத் தினமும் பயன்படுத்துகிற ஒருவரை விட்டு உன் சைட்டில் வாங்கிப் பார்க்கச் சொல். அதற்குக் கூலி கொடு, புடவை கொடுத்துச் சமாளிக்காதே. நீ கண்ணை மூடிக்கொண்டு தடவுவதும் அவர் படபடவென்று போன் ஓட்டுவதும் ஒன்றல்ல. உனக்குத் தோன்றவே தோன்றாத இடத்தில் அவர் தடுக்கி நிற்பார்.

பழைய படங்கள் நூற்றுக்கணக்கில் கிடக்கிறதே என்று மலைக்காதே. இன்று போடப்போகும் புடவையிலிருந்து எழுத ஆரம்பி. பழசில் இன்னும் ஸ்டாக் இருப்பதற்கு மட்டும் சாயந்திரம் உட்காரும்போது இரண்டிரண்டாகப் போடு. விற்றுப்போனதை அப்படியே விட்டுவிடு.