பைப்பாலூட்டிகளின் முதல் படங்கள்: நம்பிக்கைகளும் உண்மைகளும்

எலி முகம் கொண்ட கங்காரு, குரங்குக் கால் முளைத்த நரி என ஐரோப்பியர் வரைந்த தொடக்ககாலப் பைப்பாலூட்டிப் படங்கள் பல விசித்திரமானவை. அவற்றைப் பற்றி உலவும் கருத்துகளிலும் பிழைகள் உண்டு.

நம்பிக்கை: ஐரோப்பியர் முதலில் கண்ட பைப்பாலூட்டி கங்காரு.

உண்மை: அந்த இடம் அமெரிக்க ஒபாசத்துக்கு உரியது. 1500இல் ஸ்பானிய மாலுமி விசென்டே பின்சோனின் குழு பிரேசில் கரையோரத்தில் குட்டிகளோடு ஒன்றைப் பிடித்தது. ஜெர்மன் வரைபடவியலாளர் வால்ட்சேமுல்லர் 1516இல் அச்சிட்ட உலக வரைபடத்தில், தென்னமெரிக்காவின் மேல் அந்த விலங்கு வரையப்பட்டுள்ளது. ஜேம்ஸ் குக்கின் குழு கங்காருவைக் கண்டது 1770இல்தான்.

நம்பிக்கை: விசித்திர உருவங்கள் எல்லாம் ஓவியர்களின் வெறும் கற்பனை.

உண்மை: சுவிஸ் அறிஞர் கெஸ்னரின் 16ஆம் நூற்றாண்டு விலங்கு நூலில் ஒபாசம் முன்பாதி நரியாகவும் பின்பாதி குரங்காகவும் காட்சி தருகிறது. பயணிகள் தாங்கள் கண்டதை விளக்க, தெரிந்த விலங்குகளின் உறுப்புகளை உவமையாகச் சொன்னார்கள். விலங்கையே பாராத ஓவியர்கள் அந்த உவமைகளை அப்படியே ஒட்டவைத்தார்கள்.

நம்பிக்கை: ஆங்கில ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸின் கங்காரு ஓவியம் நேரில் பார்த்து வரைந்தது.

உண்மை: ஸ்டப்ஸ் ஆஸ்திரேலியாவுக்குப் போனதே இல்லை. குக்கின் எண்டவர் கப்பல் பவளப்பாறையில் மோதிப் பழுதுபார்க்க நின்றபோது, இன்றைய குக்டவுன் அருகே லெப்டினன்ட் ஜான் கோர் 1770 ஜூலை 14 அன்று ஒரு கங்காருவைச் சுட்டார். கப்பல் ஓவியர் சிட்னி பார்க்கின்சன் அங்கேயே பென்சிலால் சில கோட்டோவியங்கள் வரைந்தார்; ஊர் திரும்பும் வழியில், 1771இல் இறந்துபோனார். அந்தப் பயணத்தில் சென்ற இயற்கையியலாளர் ஜோசப் பேங்க்ஸ் கேட்டுக்கொண்டபடி ஸ்டப்ஸ் 1772இல் வரைந்தபோது அவர் முன் இருந்தவை அந்தக் கோட்டோவியங்களும், கொண்டுவரப்பட்ட தோலும் மண்டையோடும்தான். தோலைக் காற்றடைத்து உப்பவைத்தே உடலின் வடிவத்தை ஊகித்தார் என்று சொல்லப்படுகிறது. ஓவியத்தில் கங்காரு பாறைமேல் நின்று தலையைத் திருப்பிப் பின்னால் பார்க்கிறது. முகம் கொறிவிலங்கை நினைவூட்டுகிறது. குதிரையின் உடற்கூறு பற்றி 1766இலேயே நூல் வெளியிட்டவர் ஸ்டப்ஸ். குறை அவர் கைத்திறனில் இல்லை. தோல் மட்டும் தசையின் அமைப்பைக் காட்டிவிடாது. 1773இல் குக்கின் பயண நூலில் செதுக்கோவியமாக அச்சான இப்படத்தைப் பலர் நகலெடுத்தனர். பிழையும் கூடவே பரவியது.

நம்பிக்கை: 1770க்கு முன் கங்காரு இனத்தை உயிரோடு பார்த்து வரைந்தவர் இல்லை.

உண்மை: டச்சு ஓவியர் கொர்னேலிஸ் டி புரூயின் பத்தாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில், வளர்க்கப்பட்ட ஒரு சிறிய கங்காரு இன விலங்கை வரைந்து 1711இல் தம் பயண நூலில் வெளியிட்டார்.

நம்பிக்கை: நேரில் பார்த்தவர் சொன்னது பிழையாகாது.

உண்மை: 1629இல் மேற்கு ஆஸ்திரேலியத் தீவுகளில் கப்பல் உடைந்து கரையேறிய டச்சு வணிகர் பிரான்சிஸ்கோ பெல்சர்ட், வாலபி என்ற சிறிய கங்காரு இன விலங்கின் பையையும் அதிலுள்ள குட்டியையும் சரியாகவே கவனித்தார். ஆனால் குட்டி முலைக்காம்பிலிருந்தே முளைக்கிறது என்று முடிவுகட்டினார். உண்மையில் அது மற்றப் பாலூட்டிகளைப் போலக் கருப்பையில் உருவாகிப் பிறப்பதுதான். செங்கங்காருக் குட்டி பிறக்கும்போது ஒரு கிராம்கூட இராது. தானே ஊர்ந்து பைக்குள் போய்க் காம்பைப் பற்றிக்கொள்கிறது. காம்பு அதன் வாய்க்குள் பருத்துக் குட்டியை இறுகப் பிடித்துக்கொள்வதால், பார்ப்பவருக்கு இரண்டும் ஒட்டிப் பிறந்தவைபோலவே தோன்றும்.