பிள்ளையின் ஓட்டு பிள்ளையின் சாட்சியம்



2022-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி நடந்த பொதுத் தேர்தலில், பேராக்கிலுள்ள நாம் ஒரே நாளில் பார்லிமெண்டுக்கு ஒரு சீட்டும் மாநிலச் சட்டமன்றத்துக்கு ஒரு சீட்டுமாக ஓட்டளித்தோம். அன்று நம் வீடுகளில் ஒரு புதுமையும் நிகழ்ந்தது. கல்லாவின் பக்கத்தில் நின்று சில்லறை எண்ணிக் கொடுத்த 18 வயதுப் பிள்ளையும் தகப்பனாரோடு வரிசையில் நின்றான்.

இதற்கு வழி செய்தது 2019 ஜூலையில் பார்லிமெண்ட் நிறைவேற்றிய அரசியல் சட்டத் திருத்தமாகும். 2021 டிசம்பர் 15 முதல் அது அமலுக்கு வந்தது. ஓட்டளிக்கும் வயது 21-லிருந்து 18-ஆகக் குறைந்தது. மனுக் கொடுத்துப் பதிந்துகொள்ளும் வழக்கமும் நின்றது; வயது வந்ததும் பெயர் தானாகவே பட்டியலில் ஏறிவிடுகிறது. ஆகவே, நாம் கவனிக்காமல் இருந்தாலும் நம் பிள்ளை வாக்காளராகி விடுகிறான். அவனை அதற்குத் தயார் செய்தோமா என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

நம்மவர் வீடுகளில் சாதாரணமாக நடப்பது என்ன? கட்சிக்காரர் ஒருவர் கடைக்கு வருகிறார். அவர் நெடுநாள் வாடிக்கைக்காரர். "நம்ம வீட்டில் ஐந்து ஓட்டு. ஐந்தும் உங்களுக்குத்தான்" என்று அத்தா வாக்குக் கொடுத்துவிடுகிறார். "அத்தா, அவங்க நம்ம வட்டாரத்துக்கு என்ன செஞ்சாங்க?" என்று கல்லூரியில் படிக்கும் மகள் கேட்டால், "பெரியவங்க பேச்சில் குறுக்கிடாதே" என்பதே பதில். ஓட்டுப் போட்டு வந்த மாலையில், "நான் சொன்னபடிதானே போட்டாய்?" என்று விசாரணை. "ஆமாம், அத்தா" என்கிறாள் மகள்.

அந்தச் சொல் மெய்யாயின், அவள் தன் பொறுப்பைப் பிறர் கையில் கொடுத்துவிட்டாள். பொய்யாயின், பெற்ற தகப்பனிடமே பொய் சொல்ல நாம் பழக்கிவிட்டோம். இரண்டில் எது நடந்தாலும் நஷ்டம் நமக்கே.

"பிள்ளைகள் வேறு வழி போனால் சமூகம் சிதறிவிடுமே" என்று சிலர் அஞ்சுகின்றனர். நம் பேராக்கின் சரித்திரத்தைப் பாருங்கள். 1959 தேர்தலில் ஈப்போவும் மெங்லெம்புவும் மக்கள் முற்போக்குக் கட்சியின் சீனிவாசகம் சகோதரர்களைத் தேர்ந்தெடுத்தன. அருகிலுள்ள சுங்கை சிப்புட்டோ கூட்டணியின் வீ. தி. சம்பந்தனைத் தேர்ந்தெடுத்தது. ரப்பர்த் தோட்டங்கள் சூழ்ந்த அதே சுங்கை சிப்புட் 1974 முதல் சாமிவேலுவை அனுப்பி வந்து, 2008-ல் டாக்டர் ஜெயக்குமார் தேவராஜைத் தேர்ந்தெடுத்தது. ஊருக்கு ஊர், தலைமுறைக்குத் தலைமுறை எண்ணம் மாறியே வந்திருக்கிறது. அதனால் நம் தமிழும் அழியவில்லை, பள்ளிவாசல் ஜமாஅத்தும் கலையவில்லை. இதைச் சொல்வதால் எந்தக் கட்சிக்கும் நாம் ஆதரவு தேடவில்லை.

இனி, மார்க்கம் காட்டும் வழியைக் கவனிப்போம். ஓட்டு என்பது ஒரு சாட்சியம் என்று பாகிஸ்தானின் முஃப்தி முஹம்மது ஷஃபீ முதலிய உலமாக்கள் விளக்கியுள்ளனர். "இவர் இப்பதவிக்குத் தகுதியானவர்" என்று நாம் சாட்சி சொல்கிறோம். தான் அறிந்ததைச் சொல்பவனே சாட்சி. பிறர் சொல்லிக் கொடுத்ததை ஒப்பிப்பவனைக் காஜியார் ஏற்பாரா? நமக்கோ பெற்றோருக்கோ பாதகமாயினும் நீதிக்கே சாட்சி சொல்லுங்கள் என்பது திருமறையின் அந்நிஸா அத்தியாயம் 135-வது வசனத்தின் கருத்து. பெற்றோரின் பெயரையே அங்கு இறைவன் எடுத்துச் சொல்லியிருப்பது கவனிக்கத்தக்கது.

மகனை அறுத்துப் பலியிடக் கனவு கண்ட நபி இப்ராஹீம் (அலை) அவர்கள், இறைக்கட்டளை என்றறிந்தும், உன் அபிப்பிராயம் என்ன என்று மகனிடம் கேட்டதாக அஸ்ஸாஃப்பாத் அத்தியாயம் 102-வது வசனம் கூறுகிறது. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஷஹீதான பின், அடுத்த கலீபா யார் என்பதை அறிய ஹஜ்ரத் அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் மதீனாவில் பலரிடமும் ஆலோசனை கேட்டார்கள். திரைமறைவிலிருந்த பெண்களிடமும், மக்தபில் ஓதிய சிறுவர்களிடமும்கூடக் கேட்டார்கள் என்று இப்னு கதீர் எழுதியுள்ளார். அவர்கள் சிறுவரிடம் கேட்டார்கள். நாமோ வயது வந்தவருக்கும் கட்டளையிடுகிறோம்!

அப்படியானால் தகப்பனுக்கு வேலை இல்லையா? உண்டு. அரிசி வாங்கும்போது மூட்டையின் மேலுள்ள எழுத்தை நம்பாமல், கையில் அள்ளிப் பார்க்க மகனுக்குக் கற்பிக்கிறோமே, அதுபோன்ற வேலை அது.

முதலாவது, எந்தச் சீட்டு எதற்கு என்று விளக்குங்கள். நிலம், மாநகர் மன்றம், இஸ்லாமிய மார்க்க நிர்வாகம் ஆகியவை மாநிலத்தின் பொறுப்பில் வருபவை. வருமான வரி, குடியுரிமை, அந்நியத் தொழிலாளர் அனுமதி ஆகியவை மத்திய அரசைச் சேர்ந்தவை. கடை லைசென்சுக்கும் ஆள் பெர்மிட்டுக்கும் அலைந்த நம்மைவிட இதை விளக்க வேறு ஆசிரியர் வேண்டுமா?

இரண்டாவது, செய்தியைச் சோதிக்கப் பழக்குங்கள். 2022 தேர்தல் முடிந்த கையோடு, 1969 மே 13 கலவரத்தைச் சுட்டி இனப்பகை மூட்டும் படங்கள் டிக்டாக்கில் பரவின. போலீசார் எச்சரிக்க நேர்ந்தது. தீயவன் கொண்டுவரும் செய்தியைத் தீர விசாரியுங்கள் என்பது அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் போதனை. "இதைச் சொன்னவர் யார்? ஆதாரம் என்ன?" என்று பிள்ளை கேட்கட்டும். நம் கைப்பேசியில் வருவதற்கும் அதே கேள்வி பொருந்தும்.

மூன்றாவது, "யாருக்குப் போடுவாய்?" என்பதை விட்டு, "ஏன்?" என்று கேளுங்கள். அவன் காரணத்தைச் சொல்லட்டும். நீங்களும் உங்கள் காரணத்தைச் சொல்லுங்கள். ஓட்டுச் சாவடியிலிருந்து திரும்பியபின் ஒன்றும் கேளாதீர்கள். சட்டமே அதை ரகசியமாக்கி வைத்திருக்கிறது.

கட்சிக்காரர் மறுபடி கடைக்கு வந்தால், "என் ஓட்டைப் பற்றி யோசிக்கிறேன். பிள்ளைகளுடையதை அவர்களிடமே கேளுங்கள்" என்று சொல்லிப் பாருங்கள். அதனால் ஒரு வாடிக்கைக்காரர் முகம் சுளிக்கலாம். ஆனால் அன்று இரவு சாப்பாட்டுக்கு உட்காரும்போது, உங்கள் மகள் உங்களிடம் உண்மையைப் பேசுவாள்.

நம் மக்களை நீதிக்குச் சாட்சியாளர்களாக அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.