கண்ணுக்குத் தெரியாத அயலவர்கள்

எங்கள் உம்மும்மா தயிர் உறைய வைக்கும்போது வெப்பமானி எதையும் தேடுவதில்லை. காய்ச்சி ஆறவைத்த பாலில் விரலை வைத்துப் பார்ப்பார். சூடு பொறுக்க முடிந்தால்தான் பழைய தயிரில் ஒரு கரண்டி எடுத்துக் கலப்பார். "கொதிக்கிற பால்ல ஊத்தினா உறை மௌத்தாப் போயிடும் மகள்" என்பார். உயர்தரத்தில் உயிரியல் படிக்கத் தொடங்கிய பின்னர்தான் அவர் சொன்னது முழு உண்மை என்பது எனக்கு விளங்கியது. உறையில் இருப்பவை உயிருள்ள பற்றீரியாக்கள்.

வெறுங் கண்ணால் பார்க்க முடியாத இத்தகைய அங்கிகளையே நுண்ணங்கிகள் என்கிறோம். பற்றீரியா, மதுவம் போன்ற பங்கசுகள், புரொட்டோசோவா, சில அல்காக்கள் என்பன இவற்றுள் அடங்கும். கலம் இல்லாத வைரசுகளையும் இவற்றோடு சேர்த்தே படிக்கிறோம்.

நன்மை செய்பவை

பாலில் உள்ள இலக்டோசு என்னும் வெல்லத்தைத் தயிர்ப் பற்றீரியாக்கள் இலக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அமிலம் கூடும்போது பாலின் புரதம் திரள்கிறது, பால் தயிராகிறது. அப்ப மாவில் நாம் சேர்க்கும் ஈஸ்ட் எனப்படும் மதுவம் வெல்லத்தை நொதிக்கச் செய்து காபனீரொட்சைட்டை வெளிவிடுகிறது. அப்பத்தின் நடுவில் தெரியும் சிறு துளைகள் அந்த வாயுக் குமிழிகளின் அடையாளங்களே.

எங்கள் சப்ரகமுவையின் இறப்பர்த் தோட்டங்களில், இளமரங்களுக்கு இடையே அவரையினக் கொடியொன்று நிலத்தை மூடிப் படர்ந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேர்ச் சிறுகணுக்களில் வாழும் இறைசோபியம் பற்றீரியா வளியிலுள்ள நைதரசனைப் பதித்து மண்ணை வளப்படுத்துகிறது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் திருத்திக்கொள்வோம். கறுப்புத் தேயிலை தயாரிக்கையில், உருட்டிய கொழுந்தைப் பரப்பி வைப்பதை 'நொதிக்க வைத்தல்' என்பார்கள். உண்மையில் அது நுண்ணங்கிகளின் வேலையன்று. கொழுந்திலேயே உள்ள நொதியங்கள் ஒட்சிசனுடன் சேர்ந்து செய்யும் ஒட்சியேற்றம் அது.

தீமை செய்பவை

தேயிலை இங்கு பெருகியதற்கே ஒரு நுண்ணங்கி காரணம் என்றால் நம்புவீர்களா? 19ஆம் நூற்றாண்டில் இலங்கை கோப்பிக்குப் பெயர் பெற்ற நாடாக இருந்தது. 1869இல் கோப்பித் துரு நோய் என்னும் பங்கசு நோய் இங்கு பரவத் தொடங்கியது. காலப்போக்கில் கோப்பிச் செய்கை சரிந்து, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது.

இன்று எங்கள் இரத்தினபுரி மாவட்டம் அஞ்ச வேண்டிய நுண்ணங்கி லெப்டொஸ்பைரா. எலிக்காய்ச்சலை உண்டாக்கும் சுருள் வடிவப் பற்றீரியா இது. எலியின் சிறுநீரகத்தில் தங்கி, அதன் சிறுநீருடன் வெளியேறி, வயற் சேற்றிலும் மாணிக்கக் குழிகளின் நீரிலும் உயிர் வாழ்கிறது. தோலில் உள்ள வெட்டுக் காயம், கண், வாய் வழியாக நம் உடலினுள் நுழைகிறது. 1915இல் ஜப்பானிய மருத்துவர்களான இனாடாவும் இடோவும் இக்கிருமியைக் கண்டறிந்தார்கள். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடையே அங்கு இந்நோய் காணப்பட்டது. 2008இல் இலங்கையில் 7,000 பேருக்கும் மேல் இந்நோய்க்கு ஆளானதாகப் பதிவாகியது.

இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். ஆனாலும் கடந்த வருடம் மாணிக்கக் குழியில் வேலை செய்துவிட்டு வந்த என் நானாவுக்குக் காய்ச்சல் கண்டபோது, "மழையில் நனைந்த காய்ச்சல்தான்" என்று வீட்டார் சொன்னதை நானும் ஏற்றுக்கொண்டேன். இரண்டு நாள் பரசிற்றமோல் மட்டுமே கொடுத்தோம். மூன்றாம் நாள் கெண்டைக்கால் வலியால் அவரால் நடக்க முடியவில்லை. கண்கள் சிவந்திருந்தன. காலில் ஆறாத ஒரு வெட்டுக் காயமும் இருந்தது. அப்போதுதான் எனக்கு அந்தப் பாடம் நினைவுக்கு வந்தது. உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு சென்றோம். வைத்தியர் முதலில் கேட்டதே, "வயலிலோ குழியிலோ இறங்கினீர்களா?" என்பதுதான். அல்ஹம்துலில்லாஹ், சிறுநீரகம் பாதிக்கப்படுமுன் சிகிச்சை கிடைத்தது. பரீட்சைக்காகப் படித்ததை வீட்டு வாசலிலேயே விட்டுவிட்டோமே என்ற வருத்தம் மட்டும் எனக்கு இன்னும் இருக்கிறது.

நோயும் மருந்தும்

எலிக்காய்ச்சலைத் தடுக்கவும் குணப்படுத்தவும் பயன்படும் டொக்சிசைக்கிளின், டெட்ராசைக்கிளின் குடும்பத்தைச் சேர்ந்த நுண்ணுயிர்க்கொல்லி. அக்குடும்பத்தின் முதல் மருந்து 1948இல் அறிமுகமானது. அது ஸ்ட்ரெப்டோமைசிசு என்னும் மண் பற்றீரியாவிலிருந்து பெறப்பட்டது. நோய் தரும் பற்றீரியாவும் மருந்து தந்த பற்றீரியாவும் மண்ணின் பிள்ளைகளே!

ஆகவே பெற்றோரிடமும் தோழியரிடமும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். வயலிலோ குழியிலோ இறங்குபவர்கள் முன்கூட்டியே பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் தடுப்பு மருந்து பற்றிக் கேளுங்கள். காயத்தை மூடிக் கட்டுங்கள். இயன்றால் சப்பாத்து அணியுங்கள். காய்ச்சல் வந்தால் தாமதிக்காமல் வைத்தியரிடம் சென்று, செய்த வேலையையும் மறவாமல் சொல்லுங்கள். தந்த நுண்ணுயிர்க்கொல்லியை இடையில் நிறுத்தாமல் முழுமையாக முடியுங்கள்.

நுண்ணங்கிகள் எல்லாம் பகைவர்களும் அல்ல, எல்லாம் நண்பர்களும் அல்ல. அவற்றுள் எது எதுவென அறிந்து நடக்கத்தான் அல்லாஹ் நமக்கு அறிவைத் தந்திருக்கிறான். உம்மும்மாவின் விரலுக்குத் தெரிந்த அந்த நிதானம் நமக்கும் வேண்டும்.