படியெடுத்தவையே பிழைக்கும்

நுழையும்முன்

ஓலையோ காந்தத்தட்டோ சில்லோ, எழுத்தைத் தாங்கும் பொருள் எதுவாயினும் ஒருநாள் அழியும். அது அழிவதற்குள் எழுத்தை வேறொரு பொருளுக்கு மாற்றுவோரின் கையில்தான் அறிவின் தொடர்ச்சி அடங்கியுள்ளது. பழுதாகிவரும் திண்மநிலை வட்டிலிருந்து கோப்புகளை மீட்கும் முறையை, ஏடு காத்த தமிழ் மரபோடு ஒப்பிட்டு இப்பாடம் விளக்குகிறது.

தீயில் இட்ட ஏடுகள்

சங்கரன்கோவில் வட்டாரத்தின் தொன்மையான ஊர்களுள் ஒன்று கரிவலம்வந்தநல்லூர். பழஞ்சுவடிகளைத் தேடி ஊர்தோறும் சென்ற உ.வே.சாமிநாதர், பாண்டிய மன்னர் ஒருவர் தொகுத்துவைத்த ஏடுகள் இவ்வூர்க் கோவிலில் இருப்பதாகக் கேள்வியுற்று அங்குச் சென்றார். அவர் சென்றபோது ஏடுகள் அங்கு இல்லை. சிதைந்து குப்பையாகக் கிடந்த சுவடிகளை ஆகம முறைப்படி நெய்யில் தோய்த்து வேள்வித்தீயில் இட்டுவிட்டதாகக் கோவிலைச் சார்ந்த ஒருவர் கூறினார். இச்செய்தியை உ.வே.சா. 'என் சரித்திரம்' என்னும் தம் தன்வரலாற்று நூலில் மிகுந்த வேதனையோடு பதிவுசெய்துள்ளார்.

ஏடுகளை எரித்தவர்கள் அவற்றை இகழ்ந்து எரிக்கவில்லை. புனிதமான பொருளுக்குச் செய்யும் இறுதிக்கடன் எனக் கருதியே எரித்தனர். ஆயினும், அவர்கள் மரபின் ஒரு பாதியை மறந்தனர். ஏடு நைந்துபோனால் முதலில் அதனைப் புதிய ஓலையில் படியெடுக்க வேண்டும். அதன் பின்னரே பழைய ஏட்டைத் தீயிலோ நீரிலோ இடலாம். படியெடுக்கும் வழக்கம் மறைந்து, அழிக்கும் வழக்கம் மட்டும் எஞ்சியதால் அந்த ஏடுகளில் என்ன நூல்கள் இருந்தன என்பதையே அறிய இயலாமல் போயிற்று.

இன்றைய ஏடு

அதே சங்கரன்கோவில் வட்டாரத்தைச் சேர்ந்த மற்றோர் ஊர் திருவேங்கடம். அவ்வூர் மாணவி ஒருத்தி, தன் பாட்டி பாடிய தாலாட்டுகளையும் களையெடுப்புப் பாடல்களையும் ஒலிப்பதிவு செய்து மடிக்கணினியில் சேர்த்துவைத்திருப்பதாகக் கொள்வோம். பாட்டி மறைந்துவிட்டார். ஒருநாள் அப்பதிவைத் திறக்க முயல்கையில் கணினி உறைந்து நிற்கிறது. மீண்டும் இயக்கினால், வட்டை வடிவமைக்க வேண்டுமா என்று திரை வினவுகிறது. அவ்வினாவுக்கு 'ஆம்' என்று விடையளிப்பது, படியெடுக்காத ஏட்டைத் தீயில் இடுவதற்கு ஒப்பாகும். அவள் அடுத்துச் செய்ய வேண்டியது யாது? அதனை அறிய, வட்டு எவ்வாறு எழுதுகிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

மின்னூட்டமே எழுத்து

பழைய வன்தட்டில் சுழலும் தட்டுகளும் அவற்றின்மேல் நகரும் முனையும் உண்டு. திண்மநிலை வட்டில் (எஸ்.எஸ்.டி.) அசையும் உறுப்பு எதுவும் இல்லை. கோடிக்கணக்கான நுண்கலங்களில் எலக்ட்ரான்களைச் சிறைப்படுத்தி அது தரவைச் சேமிக்கிறது. ஒரு கலத்தில் உள்ள மின்னூட்டத்தின் அளவே அதன் எழுத்தாகும். இதற்கு அடிப்படையான மிதவை வாயில் டிரான்சிஸ்டரை 1967ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் தாவோன் காங், சைமன் சே ஆகிய இருவரும் உருவாக்கினர். பின்னர், 1980களில் தோஷிபா நிறுவனத்தின் புஜியோ மசுவோகா ஃபிளாஷ் நினைவகத்தைக் கண்டறிந்தார்.

ஒவ்வொரு முறை அழித்து எழுதும்போதும் கலத்தின் மின்காப்புப் படலம் சிறிது தேய்கிறது. ஒரு கலத்தில் மூன்று பிட்டுகளைச் சேமிக்கும் வட்டுகளில், ஒரு கலம் பொதுவாகச் சில ஆயிரம் முறை அழித்தெழுதுவதையே தாங்கும். சில கலங்கள் மட்டும் விரைந்து தேயாதிருக்க, கட்டுப்படுத்தி என்னும் சில்லு எழுதும் பணியை எல்லாக் கலங்களுக்கும் பகிர்ந்தளிக்கிறது. எந்தத் தரவு எங்குள்ளது என்பதற்கான வரைபடத்தையும் அதுவே பேணுகிறது. அவ்வரைபடம் சிதைந்தால், கலங்கள் நலமாக இருப்பினும் கோப்புகளைப் படிக்க இயலாது. கயிறு அறுந்து, இதழெண் இல்லாமல் சிதறிய சுவடிக்கு அதனை ஒப்பிடலாம்.

சிறைப்பட்ட எலக்ட்ரான்கள் காலப்போக்கில் கசியவும் கூடும். வெப்பம் அக்கசிவை விரைவுபடுத்தும். வரையறுக்கப்பட்ட எழுதும் அளவை முற்றும் கடந்த பொதுப்பயன்பாட்டு வட்டு, மின்சாரமின்றி 30 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஓராண்டு தரவைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் என்னும் தர அமைப்பின் வரையறை. ஆகவே, தேய்ந்த வட்டைக் கரிசல் நிலத்துக் கோடை வெயில் தாக்கும் அறையில் ஆண்டுக்கணக்கில் பூட்டிவைப்பது பாதுகாப்பு ஆகாது.

தளர்ச்சியின் அறிகுறிகள்

வன்தட்டு பழுதாகும்போது பெரும்பாலும் 'டிக் டிக்' என ஒலியெழுப்பும். திண்மநிலை வட்டோ ஓசையின்றித் தளரும். கோப்பு திறக்க நெடுநேரம் ஆதல், கணினி அடிக்கடி உறைதல், புதிய கோப்பைச் சேமிக்க இயலாமை, வட்டு திடீரென மறைந்து மீண்டும் தோன்றுதல் ஆகியன அதன் அறிகுறிகள். சில வட்டுகள் தம் இறுதிக்காலத்தில் எழுதுவதை மறுத்துப் படிக்க மட்டும் இடந்தரும். கோப்புகளை எடுத்துச்செல்ல வட்டு அளிக்கும் இறுதி வாய்ப்பு அது.

மீட்பின் ஒழுங்கு

வட்டைப் பழுதுபார்க்கும் எண்ணத்தை முதலில் கைவிட வேண்டும். மீட்க வேண்டியது கோப்பையே. அதனால், வட்டில் புதிதாக எதையும் எழுதக்கூடாது. மீட்பு மென்பொருளையும் அதே வட்டில் நிறுவக்கூடாது. பிழைதிருத்தும் கட்டளைகளும் வட்டில் எழுதுவனவே. ஆதலால் அவற்றையும் தவிர்த்தல் நலம்.

வட்டு இன்னும் படிக்கத்தக்கதாக இருப்பின், ஈடுசெய்ய இயலாத கோப்புகளை முதலில் வேறொரு வட்டுக்குப் படியெடுக்க வேண்டும். பாட்டியின் குரல் முதலில். மீண்டும் பெறத்தக்க திரைப்படமும் மென்பொருளும் இறுதியில். தளர்ந்த வட்டு எத்தனை நிமிடங்கள் உழைக்கும் என்பதை எவரும் முன்கூட்டி அறிய இயலாது.

படிப்பதில் இடையூறு மிகுந்தால், முழு வட்டையும் ஒரே உருவப்படியாக எடுப்பது சிறந்தது. இதற்கு 'ஜி.என்.யு. டிடிரெஸ்கியூ' என்னும் கட்டற்ற மென்பொருள் துணைபுரிகிறது. அது எளிதில் படிக்கத்தக்க பகுதிகளை முதலில் எடுத்துக்கொள்கிறது. இடறும் பகுதிகளைக் குறித்துவைத்துத் தாண்டிச் செல்கிறது. நல்ல பகுதிகள் யாவும் கரைசேர்ந்த பின்னரே இடறிய இடங்களுக்குத் திரும்புகிறது. அதன்பின், எடுத்த படியின்மேல்தான் கோப்பு தேடும் பணி நடைபெற வேண்டும், மூலத்தைத் தொடலாகாது.

தவறுதலாக நீக்கிய கோப்பின் நிலை வேறு. வன்தட்டில் நீக்கிய கோப்பு, அதன்மேல் வேறு தரவு எழுதப்படும்வரை எஞ்சியிருக்கும். திண்மநிலை வட்டிலோ, 'டிரிம்' என்னும் கட்டளை நீக்கிய இடத்தைக் கட்டுப்படுத்திக்கு அறிவிக்கிறது. அது ஓய்வாக இருக்கும்போது அவ்விடத்தைத் துடைத்துவிடுகிறது. அத்தகைய கோப்பு கிடைப்பது அரிது. கணினி வட்டை அறவே அடையாளம் காணவில்லையெனில், பயிற்சிபெற்ற தரவுமீட்பு ஆய்வகத்தை நாடுவதே தக்கது. பல வட்டுகள் தரவை மறையீடு செய்தே சேமிப்பதால், சில்லுகளை மட்டும் பெயர்த்தெடுத்துப் படிப்பது பெரும்பாலும் பயன்தராது.

இடைவெளியைக் காட்டும் நேர்மை

எவ்வளவு முயன்றாலும் சில பகுதிகள் மீளாமல் போகலாம். அவ்வேளையிலும் ஏடு பதிப்பித்தோர் வழிகாட்டுகின்றனர். பத்துப்பாட்டின் ஏடுகளைத் தேடித் திருநெல்வேலி, ஆழ்வார்திருநகரி முதலிய ஊர்களில் அலைந்த உ.வே.சா., கிடைத்த படிகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டு 1889ஆம் ஆண்டு அந்நூலைப் பதிப்பித்தார். 1894இல் புறநானூற்றை வெளியிட்டபோது, 267, 268ஆம் பாடல்கள் கிடைக்கவில்லை. வேறு சில பாடல்களில் அடிகள் சிதைந்திருந்தன. அவர் தம் சொற்களால் அவ்விடங்களை நிரப்பவில்லை, புள்ளியிட்டுக் காட்டினார். மீட்பு மென்பொருள் படிக்க இயலாத இடங்களைத் தனிக்கோப்பில் குறித்துவைப்பதும் அத்தகையதே. இழந்தது எது என்று தெரிந்தால்தான், அதை வேறிடத்தில் தேட இயலும்.

ஒன்று போதாது

படிகள் பல இருப்பினும், அவை ஓரிடத்தில் மட்டும் இருத்தல் ஆபத்து. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. வேறெங்கும் படியில்லாத சுவடிகளும் அவற்றுள் இருந்தன. 2005இல் தொடங்கப்பட்ட 'நூலகம்' என்னும் எண்ணிம நூலகம், ஈழத்து எழுத்துகளைப் படியெடுத்து உலகெங்கும் உள்ளோர் படிக்குமாறு வைத்துள்ளது.

மூன்று படிகள், இரு வகைச் சேமிப்புப் பொருள்கள், வெளியூரில் ஒன்று என்பது கணினித்துறையினர் பின்பற்றும் எளிய விதி. அப்படிகளை அவ்வப்போது திறந்தும் பார்க்க வேண்டும். 1998இல் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' திரைப்படக் கோப்புகள் ஒரு தவறான கட்டளையால் அழியத் தொடங்கின. காப்புப்படியை நாடியபோது, அது முன்பே பழுதாகியிருந்தது தெரியவந்தது. வீட்டிலிருந்து பணியாற்றிவந்த கேலின் சஸ்மன் என்னும் தொழில்நுட்ப வல்லுநரின் கணினியில் இருந்த படியே அப்படத்தைக் காத்தது.

திருவேங்கடத்து மாணவிக்குப் பாட்டியின் பாடல்கள் கிடைக்கலாம். ஒருசில அடிகள் கிடைக்காமலும் போகலாம். கிடைத்தவற்றை அவள் அன்றே மூன்று இடங்களில் சேர்ப்பாளாயின், அப்பாடல்கள் அவள் பெயர்த்திக்கும் கேட்கும். கரிவலம்வந்தநல்லூர் ஏடுகளுக்குக் கிட்டாதுபோன அந்த ஒரு படி, இன்று ஒரு மாணவர் சில நிமிடங்களில் செய்துமுடிக்கக்கூடிய பணியாகிவிட்டது.

கற்பவை கற்றபின்

1. உங்கள் குடும்பத்தில் ஒரே படியாக உள்ள ஆவணங்கள், ஒளிப்படங்கள், ஒலிப்பதிவுகள் ஆகியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றைக் காப்பதற்கான திட்டம் ஒன்றை எழுதுக.

2. ஏடு படியெடுத்தலையும் கணினிக் கோப்பு மீட்டலையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.

3. உங்கள் ஊர் முதியவர் ஒருவரின் நாட்டுப்புறப் பாடலைப் பதிவுசெய்து, கேட்க இயலாத சொற்களைப் புள்ளியிட்டு எழுத்துவடிவில் தருக.